கவரேஜ் குறைந்த மலையிலும் டிசைன் திங்கிங் கற்பிக்கலாம்

பேராதனையிலும் பதுளையிலும் படிக்கும் மலையகப் பிள்ளைகள் லயத்து வீட்டிலிருந்து ஜூமில் சேரும்போது, மழை வந்தால் பாதிக் குரல் அறுந்துவிடும். அதனால் பாடத்தின் பெரும்பகுதியைத் திரைக்கு வெளியே வைத்துவிடுங்கள். புதிதாகக் கற்பிக்க வருகிற விரிவுரையாளருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டிசைன் திங்கிங் என்பது, பயன்படுத்துகிறவரின் சிக்கலைக் கேட்டறிந்து, மாதிரி செய்து பார்த்துத் தீர்வு தேடும் முறை. அதற்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய 5 படிகள் போதும்: பிறர் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், யோசித்தல், மாதிரி செய்தல், சோதித்தல்.

முதலில் 4 பேர் கொண்ட குழுக்கள், குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப். மிரோ என்ற இணைய வெண்பலகை அழகுதான், ஆனால் சின்ன போனில் திணறும். கூகுள் ஸ்லைட்ஸில் குழுவுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். பழைய விளக்கங்களில் வரும் ஜாம்போர்டை, அதாவது கூகுளின் இணைய வெண்பலகையைத் தேடாதீர்கள். அது 2024 முடிவோடு மூடப்பட்டுவிட்டது.

அடுத்தது கேட்பது. இதற்கு ஒரு முழுக் கிழமை விடுங்கள், ஜூம் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, பேச்சைப் பதிவு செய்து வரட்டும். “இப்படி ஒன்று இருந்தால் நல்லதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “நேற்று மழையில் என்ன நடந்தது?” என்று கேட்கச் சொல்லுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு ஆப் செய்யப்போவதாகச் சொன்ன ஒரு மாணவி, கொழுந்து பறிக்கும் தன் அம்மாவிடம் பேசிய பிறகு ஆப்பை மறந்தே போனார். இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பான படங்கு நனைந்து கனத்து, சரிவில் காலைத் தடுக்கிறது என்பதுதான் அம்மாவின் பாடு.

பிறகு ஒரே வாக்கியம்: யாருக்கு, என்ன செய்ய வேண்டியிருக்கிறது, எது தடுக்கிறது. அதில் பொருளின் பெயர் வரக்கூடாது. “அம்மாவுக்கு ரெயின்கோட் வேண்டும்” என்று எழுதினால் யோசனை அங்கேயே நின்றுவிடும். “மழையில் கொழுந்து பறிப்பவர் கால் தடுக்காமல் சரிவில் இறங்க வேண்டும்; நனைந்த படங்கு விடுவதில்லை” என்று எழுதினால் பல வழி திறக்கும். இந்த வாக்கியத்தை நான் மூன்று நான்கு முறை திருப்பி அனுப்புவேன். பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும்; பரவாயில்லை.

யோசிக்க, மைக்கை மூடிவிட்டு, ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் 8 கட்டம். 8 நிமிடத்தில் 8 படம், போனில் படமெடுத்து குழுவுக்கு. கூச்சப்படுகிற பிள்ளைகளும் இதில் வரைந்துவிடுவார்கள்.

மாதிரிக்கு வீட்டில் கிடப்பதே போதும்: பழைய உரச்சாக்கு, ஊசி, நூல். சோதிக்கும்போது மாணவர் விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாணவியின் அம்மா கட்டிப் பார்த்துவிட்டு, “முடிச்சு முதுகுப்பக்கம் இருந்தா கூடை அழுத்தும் புள்ள” என்றார். அடுத்த கிழமை முடிச்சு பக்கவாட்டுக்கு வந்தது. அந்த மாற்றத்துக்குத்தான் நான் கூடுதல் புள்ளி கொடுத்தேன்.