ரேமேனை மீண்டும் ஆடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது

1995-இல் யுபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ரேமேன் என்ற வீடியோ கேம், கார்ட்டூன் படம் போன்ற வண்ணமயமான தோற்றத்தால் எளிய விளையாட்டு என்றே நினைவில் தங்கியிருக்கும். உண்மையில் அது அக்காலத்தின் கடினமான தாவல் விளையாட்டுகளுள் ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதை மீண்டும் ஆடத் தொடங்குவோர், இறுதிப் பகுதியான, வில்லன் மிஸ்டர் டார்க்கின் கோட்டை தானாகத் திறக்காது என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு நிலையிலும் ஆறு வீதம் சிறு உயிரினங்கள் அடைபட்ட கூண்டுகள் மொத்தம் 102 உள்ளன. அனைத்தையும் உடைத்தால்தான் அந்தக் கோட்டைக்கு வழி கிடைக்கும்.

இவற்றுள் பல கூண்டுகள் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாமல், நாயகன் ரேமேன் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்த பின்னரே தோன்றுகின்றன (சற்று நியாயமற்ற ஏற்பாடுதான்). எனவே வழி முடிந்துவிட்டதுபோல் தெரியும் மூலைகள்வரை சென்றுவிட்டு, வந்த பாதையிலேயே ஒருமுறை திரும்பி நடந்து பாருங்கள். தொங்குதல், காற்றில் மிதத்தல் போன்ற திறன்கள் ஆட்டத்தின் போக்கில்தான் கிடைக்கும் என்பதால், தொடக்க நிலைகளிலேயே எல்லாக் கூண்டுகளையும் தேடி உயிர்களை வீணாக்காமல், திறன்கள் கிடைத்தபின் அங்கே திரும்புவதே சரியான முறை. உடைத்த கூண்டுகளின் எண்ணிக்கையை வரைபடத் திரையில் பார்க்கலாம்.

வழியில் சேகரிக்கும் நீலநிற உருண்டைகளான டிங்குகள் நூறு சேர்ந்தால் ஓர் உயிர் கூடும். புதிய தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் அதன் கேம் மோடை இயக்கிக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையும்.