இருமொழிக் கடைத்தெருவுக்கு விளம்பரப் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களிலிருந்து ஊடகவியல் படிக்கப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை, பெரும்பாலும் உள்ளூர் ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ வைத்தியசாலைக்கோ எடுக்கும் 30 விநாடி விளம்பரமாகத்தான் இருக்கும். கடைக்காரர் தமிழிலும் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும் என்பார். தமிழில் எழுதி, தமிழில் படம்பிடித்து, எடிட்டிங்கையும் முடித்துவிட்டு, கடைசி நாளில் மலையாளக் குரலை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறுகளில் முதன்மையானது. மற்றவற்றுள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடுகள் முழுவதும் மூடித் திறக்கும். க்ளோசப்பில் ஒருவர் பேசும்போது இந்த மூடுதல் காதில் கேட்கும் ஒலியோடு பொருந்தாவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பேச்சில் நம்பிக்கை குறைந்துவிடுகிறது. இரு மொழிகளையும் தெரிந்த எல்லையோரப் பார்வையாளர், உதட்டைப் பார்த்தே மூலமொழி எது என்று கண்டுபிடித்துவிடுவார். தமக்கு வந்து சேர்ந்தது மிச்சம் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். முகம் திரையை நிறைக்கும் ஷாட்டுகளை மட்டும் இரண்டு மொழியிலும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, தூரத்துக் காட்சிகளையும் முதுகுப்புறக் காட்சிகளையும் பொதுவாக வைத்துக்கொள்வது இருமொழிப் படங்களில் கையாளப்படும் முறை. அரை நிமிட விளம்பரத்தில் அத்தகைய ஷாட்டுகள் மூன்று நான்குக்கு மேல் வருவதில்லை என்பதால், இதை நேரமின்மையின் பெயரால் கைவிடுவது சோம்பலே.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் குரலை வேறு மொழிக்கு மாற்றுவதோடு உதட்டசைவையும் திருத்திக் கொடுக்கின்றன. உதடு பொருந்திவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் குரல் பெரும்பாலும் எந்த ஊருக்கும் உரியதல்லாத செய்தி வாசிப்பாளரின் குரலாக இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் தமிழில் மலையாளச் சாயல் ஏறியிருக்கும் விதத்தை அது அறியாது. உள்ளூர்க் கடை என்பதைத் தவிர வேறெதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இயலாத ஒரு கடைக்கு, அந்த ஒன்றையும் பறித்துவிடும் குரலை வைப்பதால் என்ன பயன்? தமிழில் பேசிக் கொடுத்தவரின் குரலை அவரைக் கேட்காமலேயே மலையாளம் பேச வைப்பது அதைவிடப் பெரிய பிழை. இரண்டாம் மொழிக்கும் சேர்த்து எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே விளம்பரத்தில் இரு மொழிகளையும் கலந்துவிட்டால் போதும் என்பவர்கள் திரைப்பட வரலாற்றைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1931இல் வெளிவந்த, தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். அது உண்மைதான். ஆயினும் திரை பேசுவதே அதிசயமாக இருந்த காலத்தில் பார்வையாளர் பொறுத்துக்கொண்டதை, கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும் இன்றைய பார்வையாளரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஒலியை நிறுத்திவிட்டு ரீல்ஸ் பார்ப்பவர்களுக்காகத் திரை முழுவதும் எழுத்தை நிரப்புவது அடுத்த தவறு. இந்தப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கும் இளைஞர்கள் உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு மலையாளம் காதுக்குப் பழக்கம், கண்ணுக்குப் பழக்கமில்லை. இரு சாராரும் ஒரே வேகத்தில் வாசிப்பவை எண்கள் மட்டுமே. விலை, தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத்தில் வைத்துவிட்டு, மற்றவற்றைக் காட்சியாலும் குரலாலும் சொல்லும்படி முதலிலேயே திட்டமிடுவது நல்லது.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது நிபந்தனை வரியை மறந்துவிடக் கூடாது. தமிழ்க் குரல் சலுகையை உரக்கச் சொல்ல, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்பது மட்டும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், 9:16 அளவுள்ள நெடுக்குத் திரையின் அடிப்பகுதியில், அதாவது செயலியின் பொத்தான்களும் தலைப்பும் வந்து மறைக்கும் இடத்தில் ஒளிந்திருப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், விளம்பரம் எந்த மொழியில் ஒன்றைக் கூறுகிறதோ அதே மொழியில்தான் அதற்கான பொறுப்புத் துறப்பும், அதாவது இத்தகைய நிபந்தனை வரியும், இருக்க வேண்டும் என்கின்றன. மலையாளப் பதிப்புக்குத் தமிழ்ப் பதிப்பின் நிபந்தனை வரியை அப்படியே விட்டுவைப்பதும் இதன்படி பிழையே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பொருளை உற்பத்தி செய்தவர் மீது மட்டுமன்றி அதைப் பரிந்துரைத்து நடித்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வைத்தியசாலை விளம்பரங்களுக்கு இன்னும் பழைய சட்டம் ஒன்று உண்டு: நீரிழிவு உள்ளிட்ட பட்டியலிடப்பட்ட நோய்களைக் குணமாக்குவதாக ஒரு மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய சட்டம் தடைசெய்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுத்த வாசகத்தை அப்படியே படித்துவிட்டேன் என்பது தப்பித்துக்கொள்ளும் வழியாகாது.

நாள்காட்டியிலும் ஒரு குழி இருக்கிறது. நமக்கு ஆடி, அதே மாதம் மலையாளத்தில் கர்க்கடகம். சுபகாரியங்களைத் தள்ளிப்போடும் வழக்கம் இரு பக்கமும் உண்டு என்றாலும், தமிழ்க் கடைத்தெரு அந்த மந்தத்தைத் தள்ளுபடியாக மாற்றிக்கொண்டது. மலையாள வீடுகளிலோ அது ராமாயண வாசிப்புக்கும் மருந்துக் கஞ்சிக்கும் உரிய மாதம், புத்தாடை வாங்குவது அடுத்த மாதமான சிங்ஙத்தில் (நம் ஆவணி) ஓணத்தோடு வரும். எனவே ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைக் குரல் மட்டும் மாற்றி மலையாளத்தில் விடுவதைவிட, ஓணத்துக்கு வேறொரு விளம்பரம் எடுக்கும்படி கடைக்காரரிடம் சொல்வதே நேர்மையான ஆலோசனை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கைப்பேசியை விநாடிக்கு 30 ஃப்ரேமிலும் 1/60 விநாடி ஷட்டரிலும் வைத்து நகைக்கடைக்குள் படம்பிடித்தால் கருங்கோடுகள் நகர்வதற்கு இதுவே காரணம். 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில மலிவான எல்.இ.டி. விளக்குகள் அதற்கும் அடங்காது என்பதால், முன்தினமே ஒரு சோதனைக் காட்சி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே வயல்வெளியில் வைத்த காலர் மைக்கையும் விட்டுவைக்காது. ரோம உறை போடாமல் பதிவுசெய்த ஒலியை எடிட்டிங்கில் மீட்கலாம் என்று நம்புவது வீண். அளவுமீறி உரத்துப் பதிவானதால் உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியை முழுமையாகத் திருப்பித் தரும் மென்பொருள் கிடையாது.

திரையரங்கில் இடைவேளையில் போட விரும்பினால் விளம்பரத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் தேவை. அதற்கான நாட்களைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முடித்த படத்தை ஒற்றைக் கோப்பாக மட்டும் சேமிக்காமல், பேச்சு தனியாகவும், இசையும் பின்னணி ஒலியும் தனியாகவும், எழுத்துகள் இல்லாத காட்சி தனியாகவும் வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் விலை மாறியது என்று கடைக்காரர் அழைக்கும்போது இரண்டு மொழியிலும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.