சித்தி அனுப்பிய ‘சிங்கப்பூர்ப் பிரேதப் பரிசோதனை’: சதிக் கதைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

2021 ஜூன் மாதம். காரைக்குடியில் இருக்கும் சித்தி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டார். சாரம் இதுதான்: உலகிலேயே முதன்முறையாக, கொரோனாவில் இறந்தவரின் உடலை சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனை செய்துவிட்டார்கள். அது வைரஸே இல்லையாம், கதிர்வீச்சு பட்ட பாக்டீரியாவாம். ரத்தம் உறைந்துதான் சாகிறார்களாம், ஆஸ்பிரின் போதுமாம். கூடவே எனக்குத் தனியாக ஒரு வரி: “உங்க ஊர்லதானே கண்டுபிடிச்சிருக்காங்க, நீ ஏம்பா சொல்லவே இல்ல?”

சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது புதுச் செய்தி. எங்கள் சுகாதார அமைச்சுக்கும் அப்படித்தான். அப்படியொரு பரிசோதனை நடக்கவே இல்லை என்று அந்த மாதமே மறுத்தார்கள். அதே செய்தி முன்பு ரஷ்யா பெயரில் சுற்றியதையும் சொன்னார்கள். ரஷ்யாவை அழித்துவிட்டு சிங்கப்பூர் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? குழுவில் எல்லாரும் பார்க்க, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று, மறுப்பின் சுட்டி ஒன்று, “சித்தி, டீச்சரா இருந்துட்டு இதையெல்லாம் நம்புறீங்களே” என்று ஒரு வரி. அதன்பிறகு இரண்டு மாதம் சித்தி குழுவில் வாயே திறக்கவில்லை. அந்தச் செய்தியை மட்டும் வேறு குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஒரு பதிலில் எத்தனை தவறு இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

நம்புகிறவரை முட்டாள் என்று நினைப்பது

சித்தி முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். வட்டிக் கணக்கில் ஒரு பைசா விட மாட்டார். அவருக்கு அறிவு குறைவு என்று எவனாவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அப்புறம் ஏன் நம்பினார்?

தமிழ்நாட்டில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்த சமயம் அது. சித்தி தெருவிலேயே இரண்டு சாவு. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிடந்தவரிடம் ‘பொறுத்திருங்கள்’ என்பதைத் தவிர யாரும் வேறெதுவும் சொல்லவில்லை. இந்தச் செய்தி மட்டும் கையில் ஒரு மாத்திரையைக் கொடுத்தது. 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் விட்சன், கலின்ஸ்கி என்ற இருவரின் ஆய்வு ஒன்று வந்தது. நிலைமை தன் பிடியில் இல்லை என்று உணரவைக்கப்பட்டவர்கள், வெறும் இரைச்சலாக இருந்த படங்களிலும் உருவங்களைக் கண்டார்கள், தற்செயலான நிகழ்ச்சிகளுக்குப் பின்னாலும் சதியைக் கண்டார்கள் என்றது அது. பிற்பாடு செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இது அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் சித்தி வீட்டை நினைத்தால் எனக்கு அந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று, சிங்கப்பூர் என்ற பெயர். தேக்காவில் நகை வாங்கும்போது 916 முத்திரையைப் பார்த்துவிட்டு மேலே கேள்வி கேட்காமல் பணத்தைக் கட்டுகிறோமே, அந்த மாதிரி. ஊரில் இருப்பவர்களுக்கு சிங்கப்பூர் ஒரு முத்திரை. ரஷ்யாவை எடுத்துவிட்டு இந்தப் பெயரைப் போட்டவன் யாராக இருந்தாலும் வியாபாரம் தெரிந்தவன். அதோடு, சித்திக்கு அதை அனுப்பியது அவருடைய பழைய தலைமையாசிரியை. வருகிற செய்தியை யாரும் தனியாக எடை போடுவதில்லை, கொண்டுவந்த கையையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

சதி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அடித்துப் பேசுவது

இதற்கு என் தாத்தாவைச் சொல்ல வேண்டும். 1943 ஜூலை 5ஆம் தேதி சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டவர். 1945 ஆகஸ்ட் 18இல் தைப்பே விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்பதைக் கடைசிவரை அவர் ஏற்கவே இல்லை. “அவர் சாகலைடா” என்பார். விவாதமே கிடையாது.

சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். ஆனால் தாத்தா பக்கமும் நியாயம் இருந்தது. 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போன மனிதர் அவர். 1942 மார்ச்சில் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதாகவே செய்தி வந்தது. காந்தியே நேதாஜியின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். செய்தி பொய் என்று பிறகு தெரிந்தது. மறுவருஷம் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பான் கப்பலுக்கு மாறி, ஆசியாவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு தடவை செத்துப் பிழைத்தவர் மறுதடவையும் வரமாட்டாரா? போர் முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம், இங்கே எஸ்பிளனேடில் இருந்த இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்தைத் தகர்த்தது. “கல்லையே விட்டுவைக்காதவன் சொல்ற எதையாவது நம்ப முடியுமா?” என்பது தாத்தாவின் கேள்வி. 1956இல் ஷா நவாஸ் குழுவும் 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்து உண்மை என்றன. முகர்ஜி ஆணையம் இல்லையென்றது, 2006இல் இந்திய அரசு அதை ஏற்க மறுத்தது. அரசு நியமித்தவர்களே ஒரே குரலில் பேசாதபோது தாத்தாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நடந்தது கதையில்லை. மேகநோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்தபிறகும் மருந்து கொடுக்காமல் அரசுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அதனால், “அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யாது” என்று நாம் ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். செய்திருக்கிறார்கள். பிறகு உள்ளே இருந்த ஒருவர் பத்திரிகைக்குச் சொல்ல, ஆவணங்களோடு வெளியே வந்தது.

சந்தேகம் எங்கே சதிக் கதையாக மாறுகிறது என்பதைத் தாத்தாவிடம்தான் கண்டுபிடித்தேன். “டோக்கியோ ரெங்கோஜி கோயிலில் இருக்கும் அஸ்தியைச் சோதித்து, அவருடையதுதான் என்று தெரிந்தால்?” என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சோதிக்கிறவனும் அவங்க ஆள்தானே” என்றார். அதுவரை அவர் கேட்டதெல்லாம் கேள்வி. அந்த நிமிஷத்தில் கதவு சாத்திக்கொண்டது.

எல்லார் முன்னாலும் திருத்துவது

இது நான் சித்தியிடம் செய்தது. பதினேழு பேர் இருக்கும் குழுவில் ஒருவரை மறுத்தால் அவர் காப்பாற்றப் பார்ப்பது செய்தியை இல்லை, மானத்தை. தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். “இதில் எதைப் படித்து பயந்தீர்கள்?” என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், தடுப்பூசி போட்ட மறுநாள் சித்தப்பாவுக்குக் கால் வீங்கியதுதான் விஷயம் என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். அதற்குப் பதில் மறுப்பறிக்கையில் இல்லை, டாக்டரிடம் இருந்தது.

ஆதாரம் காட்டினால் மனம் மாறவே மாறாது என்று கைவிடுவதும் சரியில்லை. 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், சதிக் கதைகளை நம்பும் சுமார் 2,200 பேரைச் செயற்கை நுண்ணறிவுடன் உரையாட விட்டார்கள். அவரவர் சொன்ன காரணத்துக்கு, அந்தக் காரணத்துக்கே உரிய பதில். நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றது. அந்த இயந்திரத்திடம் இருந்த, ஆனால் என்னிடம் இல்லாத விஷயம் என்ன என்று பார்த்தேன். அதற்குக் கோபம் வரவில்லை. சிரிக்கும் பொம்மையும் போடவில்லை.

மறுக்கும்போது பொய்யையே தலைப்பாகக் கொட்டை எழுத்தில் போடுவது இன்னொரு பழக்கம். ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றும் என்பதை 1977இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்க்கு ஒரு வரி போதும்.

எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்வது, எதையும் தொடாதே என்பது

கோப்பிக் கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிதான். ஒருவர், “பொஃப்மா இருக்கே, தூக்கி உள்ளே போடு” என்பார். அடுத்தவர், “வாயைத் திறந்தாலே ஜெயில்” என்பார். இணையத்தில் பரவும் பொய்களுக்கு எதிராக 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே பார்த்ததில்லை. தெரிந்தே பொய் பரப்புபவருக்குச் சிறை உண்டுதான். ஆனால் இதுவரை வந்த உத்தரவுகளில் பெரும்பாலானவை திருத்த உத்தரவுகள். பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும், பக்கத்தில் ‘இது பொய், உண்மை இங்கே’ என்று குறிப்புப் போட வேண்டும். 2021 மே மாதம் அப்போதைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால், குழந்தைகளைத் தாக்கும் ‘சிங்கப்பூர் வகை’ கிருமி ஒன்று வந்திருப்பதாக டுவிட்டரில் எழுதினார். அப்படி ஒரு வகையே இல்லை. ஃபேஸ்புக், டுவிட்டர், ஹார்ட்வேர்ஸோன் இணைய மன்றம் மூன்றுக்கும் பொதுத் திருத்த உத்தரவு போனது.

எனக்கு இந்த முறை, அழிப்பதைவிட மேலாகப் படுகிறது. அழித்தால், “பார்த்தாயா, மறைத்துவிட்டார்கள்” என்று கதைக்கு இன்னோர் அத்தியாயம் கிடைத்துவிடும். ஆனால் எனக்கு உறுத்தலும் உண்டு. எது பொய் என்று முதலில் சொல்பவர் அமைச்சர். மறுக்க நினைப்பவர் அமைச்சரிடமே முதலில் விண்ணப்பித்துவிட்டு, அப்புறம்தான் உயர் நீதிமன்றம் போக முடியும். அரசைப் பற்றிய பொய்க்கும் அரசே தீர்ப்புச் சொன்னால், என் தாத்தா மாதிரி ஆட்களுக்கு அதுவே சான்றாகிவிடும்.

அதோடு, இந்தச் சட்டம் பிடிப்பது, நடந்த உண்மை என்று சொல்லப்படும் பொய்க் கூற்றை. கருத்தையும் விமர்சனத்தையும் இல்லை. சதிக் கதை எழுதுபவர்களோ கூற்றாக எழுதுவதே அபூர்வம். “ஏன் மறைக்கிறார்கள்? யோசியுங்கள் மக்களே!” என்று கேள்வியாகக் கேட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். வெளியாள் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த குடும்பக் குழுவுக்குள் நடப்பதோ எந்த அமைச்சுக்கும் தெரியாது.

அதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது. மூதாட்டி ஒருவர் செத்துப்போனார். வதந்தி வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்த வருஷம்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்றாக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. யாருடைய வாயையும் கட்டவில்லை, ஓட்டத்தை மட்டும் நடையாக்கினார்கள். கட்டுப்பாடு என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். அடிதடியில் முடியக்கூடிய வதந்திக்கு மட்டும், இருந்த இடம் தெரியாமல் நீக்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

‘நான் ஏமாற மாட்டேன்’

2015 மார்ச் 18ஆம் தேதி, பிரதமர் அலுவலக இணையப்பக்கம் போலவே செய்த ஒரு படம் சுற்றியது, சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ காலமானார் என்று. சிஎன்என்கூட நம்பிச் செய்தி போட்டுவிட்டுத் திரும்பப் பெற்றது. அவர் மறைந்தது 23ஆம் தேதி. ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சாட்சியில்லை என்று அன்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்து, 2020 ஜனவரி கடைசி வாரம். சிங்கப்பூரில் முதல் தொற்று உறுதியாகி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கிருமி நீக்கம் செய்ய உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று கைபேசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அனுப்பியவர் என்னோடு வேலை பார்க்கும் நிதானமான மனிதர். என் மனைவிக்கு அந்தப் பக்கம்தான் வேலை. இரண்டு வரி படித்ததும் அனுப்பிவிட்டேன், “அந்தப் பக்கம் போகாதே, பஸ்ஸில் வா” என்ற குறிப்போடு. அது பொய்யென்று திருத்த உத்தரவு வந்ததெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே மனைவியிடமிருந்து ஒரு படம் வந்துவிட்டது. உட்லண்ட்ஸ் மேடை, வழக்கமான சாயங்காலக் கூட்டம், வந்து நிற்கும் ரயில். கீழே இரண்டே சொல்: “எந்த உட்லண்ட்ஸ்?”