வெளிநாட்டில் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் ஆவது எப்படி? பட்டம் முடித்தவர்களுக்கான வழி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமில் ஒரு கிராமத்து வாய்க்காலைத் தூர்வாரப் போனோம். நாங்கள் 50 பேர், மண்வெட்டி 12. மீதி 38 பேர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம். பத்து மணிக்குள் பாதிப் பேர் நிழல் தேடிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை திட்ட அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்கு ஆளுங்கள நீ பிரிச்சு விடு" என்றார். 12 பேர் வெட்ட, 12 பேர் சட்டியில் அள்ள, 19 பேர் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்ற, 3 பேர் தண்ணீருக்கு, 3 பேர் சமையலுக்கு. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டோம். முதல் நாள் முழுக்க வெட்டியதை மதியத்துக்குள் தாண்டிவிட்டோம்.

சம்பளம் வாங்காமல் வந்தவரின் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரின் வேலை. இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் அமைப்புகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

1. செய்ததை எண்ணோடு எழுதுங்கள்

என்.எஸ்.எஸ். 1969-இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு 7 நாள் சிறப்பு முகாம். நம்மில் பலர் இதை "என்.எஸ்.எஸ். உறுப்பினர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படி எழுதாதீர்கள். "7 நாள் முகாமில் 50 பேருக்குப் பணி பிரித்தேன், உணவுப் பட்டியல் போட்டேன்" என்று எழுதுங்கள். ரத்ததான முகாம், வெள்ள நிவாரணப் பொட்டலம் கட்டியது, கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது, எல்லாமே கணக்கில் சேரும்.

2. பல நாட்டவரோடு இங்கேயே பழகுங்கள்

புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லை ஒட்டி சாதனா ஃபாரஸ்ட் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம் அது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றிரண்டு மாதம் இருந்து பாருங்கள். சில நாள் பழகியதும், புதிதாக வருபவர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே ஒரு எக்செல் தாளும் போட்டுப் பழகுங்கள். பெயர், பேசும் மொழிகள், வரும் தேதி, போகும் தேதி, ஒவ்வாத உணவு, மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. "ஒவ்வாத உணவு" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடவே கூடாது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு நம் வேர்க்கடலைச் சட்னி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணிகளைப் பார்க்கலாம். 18 வயது நிரம்பியிருந்தால் போதும், கட்டணம் இல்லை.

3. எங்கே தேடுவது?

ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 1970-இல் உருவானது; தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். தேர்வானவர்களுக்கு மாதாந்திர வாழ்க்கைப் படி உண்டு. 18 முதல் 26 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இளைஞர் பிரிவு தனியாக இருக்கிறது. ரிலீஃப்வெப் என்ற ஐ.நா. தளத்தில் தொண்டு நிறுவன வேலைகள் நாள்தோறும் வெளியாகின்றன. தேடும்போது "வாலண்டியர் கோஆர்டினேட்டர்" என்பதோடு நிற்காமல் "கம்யூனிட்டி மொபிலைசர்" (ஊர் மக்களைத் திரட்டுபவர்) என்றும் போட்டுப் பாருங்கள். ஒரே வேலை பல பெயர்களில் வரும்.

முதல் முயற்சியிலேயே ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைப்பது அரிது. எனக்கு முதலில் கிடைத்தது, பல நாட்டவர் ஒன்றாகத் தங்கி வேலை செய்யும் மூன்று வாரப் பணிமுகாம்தான். இப்படிப்பட்ட முகாம்கள் புதிதல்ல. 1920-இல் முதல் உலகப் போரில் சிதைந்த பிரெஞ்சு கிராமம் ஒன்றைச் சீரமைக்கப் பல நாட்டவர் கூடினார்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அங்கிருந்து பிறந்தது. இன்றும் அதுபோன்ற முகாம்கள் நடக்கின்றன. ஒரு முறை பங்கேற்பாளராகப் போங்கள், அடுத்த முறை முகாம் தலைவராக விண்ணப்பியுங்கள். என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

4. மொழியும் காகிதங்களும்

ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விண்ணப்பிக்கலாம். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸில் கற்றுக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட், காவல்துறை நன்னடத்தைச் சான்று, பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்க நம் அரசு இடும் முத்திரை), இவற்றை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகச் சான்று வேண்டியிருக்கும்.

5. பணம் கேட்டால் விலகுங்கள்

என் தோழி ஒருத்தி "ஐ.நா. வேலை வாங்கித் தருகிறோம்" என்ற ஓர் ஏஜென்சியை நம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். வேலையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. இதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

6. நேர்காணல்

"20 பேர் பதிவு செய்தார்கள், 7 பேர்தான் வந்தார்கள். என்ன செய்வீர்கள்?" என்பதுபோல ஒரு கேள்வி வரலாம். வராதவர்களைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள். வந்த 7 பேரால் முடிகிற அளவுக்கு அன்றைய வேலையைச் சுருக்குவேன், மாலையில் வராத 13 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காரணம் கேட்பேன், அடுத்த முறை முந்தின நாளே நினைவூட்டுவேன் என்று சொல்லுங்கள். அதையே செய்யவும் செய்யுங்கள்.

கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். அப்போது, "போன வருஷம் வந்த தன்னார்வலர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடமாக இருந்தால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் அங்கேதான் சேருவேன்.