பக்கத்து ஊர்தானே என்று லண்டனுக்கு வந்தால்: ஐரிஷ்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ புறப்படும் ஐரிஷ் இளைஞர் மாதக்கணக்கில் தயாராகிறார். விசா, காப்பீடு, சேமிப்புக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். லண்டனுக்குப் போகிறவர் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுகிறார். ஒன்றேகால் மணி நேரப் பயணம், அதே ஆங்கிலம், விசாவும் வேண்டாம். ஐரிஷ் சுதந்திர அரசு உருவான 1920களின் தொடக்கத்திலிருந்தே இரு நாடுகளுக்கும் இடையே, ஒரு நாட்டுக்காரர் மற்ற நாட்டுக்கு விசா இல்லாமல் போய்வர விடும் பொதுப் பயணப் பகுதி என்ற ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் அது நீடிக்கிறது. இந்தச் சுலபம்தான் வில்லங்கம். லண்டனைப் பெரிய டப்ளினாக எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் முதல் மாதத்தில் சில்லறையாகவும், முப்பது ஆண்டுகள் கழித்து மொத்தமாகவும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சில்லறையிலிருந்து தொடங்குவோம்.

டப்ளினில் லீப் கார்டு வைத்திருப்பவர் ஒரே கட்டணத்தில் 90 நிமிடத்துக்குள் பஸ், லூவஸ் டிராம், டார்ட் ரயில் என்று மாறி மாறி ஏறலாம். லண்டனிலும் அதுபோல ‘ஹாப்பர்’ சலுகை ஒன்று 2016 முதல் இருக்கிறது. ஆனால் அதன் அவகாசம் ஒரு மணி நேரம்தான். பஸ்ஸுக்கும் டிராமுக்கும் மட்டுமே அது பொருந்தும். பஸ்ஸிலிருந்து இறங்கி டியூப் எனப்படும் நிலத்தடி ரயிலில் ஏறினால் தனிக் கட்டணம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பஸ், ஒரு டியூப் என்று திட்டமிட்டு வாடகை வீடு பிடிப்பவர்கள், இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்ப்பதே இல்லை. நேரம் இருப்பவர்கள் முழுத் தூரத்தையும் பஸ்ஸிலேயே கடந்துவிடலாம். மெதுவாகப் போகும், ஆனால் மலிவு. ஊரும் கண்ணுக்குத் தெரியும்.

டியூப்பில் நுழையும்போது போனைத் தொட்டுவிட்டு, வெளியேறும்போது வங்கி அட்டையைத் தொடுவது அடுத்த தவறு. இரண்டும் ஒரே கணக்குதானே என்று தோன்றும். வங்கிக்குத்தான் அது ஒரே கணக்கு. வாயிலில் இருக்கும் கருவிக்குப் போன் ஒரு பயணி, அட்டை வேறொரு பயணி. ஒருவர் உள்ளே போனார், வெளியே வரவில்லை. இன்னொருவர் உள்ளே போகாமலே வெளியே வந்தார். இருவருக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். கிழக்கு லண்டனில் ஓடும் டிஎல்ஆர் ரயிலின் பல நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது. அங்கே அட்டையைத் தொடாமலே நடந்து வெளியேறிவிட முடியும் என்பதால் அதே அபராதம் இன்னும் எளிதாக வந்து சேர்கிறது. இணையத்தில் அட்டையைப் பதிவுசெய்து வைத்திருந்தால் விட்டுப்போன பயணத்தைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பதிவுசெய்யாதவர் என்ன போனது என்பதைக்கூடக் கவனிப்பதில்லை.

யூரோ கணக்கின் அட்டையையே மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் சில வங்கிகள் ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளும். புதிய பிரிட்டிஷ் அட்டை வந்ததும் வாரத்தின் நடுவில் மாற்றுவதும் சரியல்ல. எவ்வளவு பயணித்தாலும் அதற்கு மேல் வசூலிக்காத வாராந்தர உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே அட்டைக்குக் கணக்கிடப்படுகிறது. புதன்கிழமை அட்டையை மாற்றினால் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். திங்கள்வரை பொறுப்பது நல்லது.

‘எல்லாம் வங்கி அட்டையிலேயே முடிகிறது, பணம் ஏற்றிவைத்துப் பயணிக்கும் ஆயிஸ்டர் அட்டை எதற்கு?’ என்று கேட்கும் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 16-25, 26-30 வயதினருக்கான ரயில் சலுகை அட்டைகளை ஆயிஸ்டரோடு இணைத்தால், கூட்டமில்லாத நேரங்களில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். வங்கி அட்டையோடு இணைக்க வழியில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே வயதைக் கடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இதற்கு நேர்மாறான சங்கடம் லூட்டன் விமான நிலையத்துக்கான ரயிலில் காத்திருக்கிறது. அங்கே வங்கி அட்டை செல்லும், ஆயிஸ்டர் செல்லாது. டப்ளின் விமானத்தைப் பிடிக்க ஓடும்போது இதைக் கண்டுபிடிப்பது சுகமில்லை. ஹீத்ரோவில் ஏர் லிங்கஸ் விமானத்திலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் கண்ணில் படும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறிவிட வேண்டாம். அதைவிடக் குறைந்த செலவில் எலிசபெத் லைன் நகரின் நடுவுக்கே கொண்டுபோய் விடுகிறது.

வீடு தேடும்போது வரைபடம் ஏமாற்றும். டியூப் வரைபடம் ரயில் மாறுவதற்காக வரையப்பட்டது. தூரத்தைக் காட்டுவது அதன் வேலை இல்லை. லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே முந்நூறு மீட்டர்கூட இல்லை. அதற்குப் போய் ரயில் மாறுகிறவர்கள் புதியவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். இளம் ஐரிஷ்காரர்கள் விரும்பிக் குடியேறும் கிளாப்பம் இன்னொரு பொறி. கிளாப்பம் ஜங்ஷன் நிலையம் கிளாப்பமில் இல்லை, பாட்டர்சியில் இருக்கிறது. கிளாப்பம் நார்த், காமன், சவுத் என்ற மூன்று டியூப் நிலையங்களும் நார்தர்ன் லைனில் இருக்கின்றன; ஜங்ஷனுக்கு டியூப்பே கிடையாது. ‘கிளாப்பமுக்கு அருகில்’ என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், காலை எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து வேலையிடம்வரை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எந்தச் செயலியும் அந்நேரத்து நார்தர்ன் லைன் நெரிசலைச் சொல்லிவிடாது.

பஸ் பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்கதவில் ஏறி நடுக்கதவில் இறங்க வேண்டும். காசு கொடுக்க முடியாது. 2014 முதல் லண்டன் பஸ்களில் ரொக்கம் வாங்குவதில்லை. அயர்லாந்தில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது பிறவிக் குணம். லண்டனில் நடுக்கதவிலிருந்து உரக்க நன்றி சொன்னால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதைத் தவறுகளின் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்க்க மாட்டேன்.

காகிதங்களில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. சிலர் அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமமே போதும் என்று நினைக்கிறார்கள். வேலை தருகிறவரும் வீட்டு உரிமையாளரும் அதை ஏற்பதில்லை. ஐரிஷ் பாஸ்போர்ட் அல்லது பாஸ்போர்ட் அட்டையைக் கேட்கிறார்கள். இவர்களிடம் காட்டக் காலாவதியான பாஸ்போர்ட்கூடச் செல்லும், ஆனால் கையில் இருக்க வேண்டும். அடுத்தது, ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு யார் பெயரில் சேர வேண்டும் என்று காட்டும் தேசியக் காப்பீட்டு எண். அது வருவதற்கு முன்பே வேலையில் சேரலாம் என்பதால் விண்ணப்பிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். கட்டுமான வேலைக்கு வருகிறவர்களிடம் ‘கையில் ரொக்கமாக வாங்கிக்கொள், வரி எதற்கு?’ என்று யாராவது சொல்வார்கள்.

இந்த வாக்கியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1951க்கும் 1961க்கும் இடையே அயர்லாந்தை விட்டு வெளியேறியவர்கள், திரும்பி வந்தவர்களைக் கழித்த பிறகும், நாலு லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் பிரிட்டனுக்குத்தான் வந்தார்கள். சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள், 1960களில் விக்டோரியா லைனுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். விடியற்காலையில் கேம்டன் டவுனிலும் கிரிக்கிள்வுட்டிலும் சாலையோரம் நின்றால் ஒப்பந்தக்காரரின் வேன் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போகும். மாலையில் ரொக்கம். காப்பீட்டுத் தொகை கட்டாத அந்த ஆண்டுகள் பதிவேட்டில் இல்லாத ஆண்டுகள். முதுமையில் ஓய்வூதியம் கேட்டபோது, நாற்பது ஆண்டுகள் உழைத்த பலருக்கு அதைக் காட்ட ஒரு தாளும் இல்லை. இன்றைய விதிப்படி பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும், குறைந்தபட்சம் 10. அயர்லாந்தில் கட்டிய ஆண்டுகளையும் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ள இரு நாடுகளுக்கும் இடையே உடன்பாடு இருக்கிறது. இரண்டு பக்கமும் பதிவில் இருந்தால்தான் அந்த உடன்பாட்டால் பயன்.

மருத்துவர் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. ஊரில் இலவச மருத்துவத்துக்கான அரசு மருத்துவ அட்டை இல்லாதவர்கள் குடும்ப மருத்துவரை ஒருமுறை பார்க்கவே ஐம்பது யூரோ அளவுக்குச் செலவழித்துப் பழகியவர்கள். லண்டனில் பதிவுசெய்துகொண்டால் இலவசம் என்பதை நம்ப அவர்களுக்குக் காலம் பிடிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று இருமலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வீட்டு முகவரி உறுதியானதும் முதல் வாரத்திலேயே பதிவுசெய்துவிட வேண்டும்.

வாக்குரிமையும் அதுபோலத்தான். வெளிநாட்டில் குடியேறிய சாதாரண ஐரிஷ் குடிமகனுக்கு ஊர்த் தேர்தலில் அஞ்சல் வாக்குக் கிடையாது. ஆனால் பிரிட்டனில் வசிக்கும் ஐரிஷ்காரர் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். ‘நான் இந்த நாட்டுக்காரன் இல்லையே’ என்று பெயரைச் சேர்க்காமல் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் குரலில்லாமல் போகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வங்கிக் கடனுக்கும் உதவுகிறது என்பதைச் சொன்னால்தான் சிலர் அசைகிறார்கள்.

இனி, சமூகம். ஐரிஷ் லண்டன் என்றால் கில்பர்ன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே போய் ஏமாறுகிறார்கள். கில்பர்ன் ஹை ரோடு ஏ5 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. அதே சாலை மறுமுனையில் வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில், டப்ளின் கப்பல் வந்து சேரும் இடத்தில் முடிகிறது. 32ஆம் எண் பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்து கில்பர்னிலிருந்து கிரிக்கிள்வுட்டுக்குப் போனால் அந்தப் பழைய குடியேற்றத்தின் தடத்திலேயே போகலாம். வெம்பிளித் தமிழர்கள் ஜூபிலி லைனில் தினமும் கடந்துபோகும் பகுதிதான் இது. ஆனால் கிரிக்கிள்வுட்டின் புகழ்பெற்ற நடனக்கூடம் கால்டிமோர் 2008இல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் குடியேறிகளின் பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள். மதுக்கடையில் போய் உட்கார்ந்தால் ஊர்க்காரர்கள் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு வருகிறவருக்கு மதுதான் கிடைக்கும்.

அயர்லாந்தின் மாவட்டவாரியான சங்கங்களும், 1950களில் தொடங்கிய கேம்டன் சதுக்கத்து லண்டன் ஐரிஷ் மையமும் கிழவர்களுக்கானவை என்று இளைஞர்கள் ஒதுங்குவதும் தவறு. வேலை, வீடு, உதவித்தொகை பற்றிய ஆலோசனை அங்கே கிடைக்கிறது. இசை, ஐரிஷ் மொழி வகுப்புகளும் உண்டு. கிழவர்கள் இருப்பது உண்மைதான். அவர்களிடம் பேசும்போது ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுகளால் பிரிட்டனில் ஐரிஷ்காரர்கள் சந்தேகத்துக்கு ஆளான காலம் அது. 1974 நவம்பரில் பர்மிங்காம் மதுக்கடைகளில் குண்டு வெடித்த சில நாட்களில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. கில்ட்ஃபர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட நால்வர் வெளியே வர 1989 ஆயிற்று. அந்த ஆண்டுகளில் பஸ்ஸில் வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து பேசாமலே பயணம் செய்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுடைய கலகலப்புக்கு அவர்கள் உடனே முகம் கொடுக்காவிட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சீக்கிரம் நாலு பேர் பழக வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த குறுக்குவழி அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டங்களான கேலிக் விளையாட்டுதான். ஆடத் தெரியாதவருக்கும் அங்கே தேநீர் ஊற்றவும் கொடிக்கம்பம் பிடிக்கவும் வேலை இருக்கும். வாடகைக்கு அறை இருக்கும் செய்தியும் எல்லைக்கோட்டோரத்தில்தான் காதில் விழும். லண்டனின் கேலிக் கால்பந்து அணி அயர்லாந்தின் கொனாக்ட் மாகாணப் போட்டியில் ஆடுகிறது. 2013இல் இறுதிப் போட்டிவரை போய் மேயோ அணியிடம் தோற்றது. அதன் சொந்த மைதானம் மேற்குக் கோடியில் ரைஸ்லிப்பில் இருக்கிறது. பெயரில் ரைஸ்லிப் என்று வரும் நிலையங்கள் ஐந்து. வேண்டியது சென்ட்ரல் லைனில் இருக்கும் சவுத் ரைஸ்லிப். வெறும் ரைஸ்லிப் நிலையம் வேறு லைனில் இருக்கிறது. அங்கே இறங்கினால் முதல் பாதி ஆட்டம் நடந்தே போய்விடும். ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. டியூப் பராமரிப்புப் பணிகளும் அப்போதுதான். சென்ட்ரல் லைன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பவும்.