பிளாட்டினத்தின் மேல் ஒரு நீர் மூலக்கூறு: முதல் சிமுலேஷன்

நீரும் உலோகமும் சந்திக்கும் இடத்தை முதன்முதலில் கணினியில் பார்க்க நினைப்பவர்கள், எடுத்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீரையே ஊற்றிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். ஒரே ஒரு மூலக்கூறு போதும். நிரல் எழுத பைத்தான் மொழி, அணுக்களை அடுக்க ஏஎஸ்இ (ASE), ஆற்றலைக் கணக்கிட ஜிபிஏடபிள்யூ (GPAW): மூன்றும் இலவசம். கணக்குக்கு டிஎஃப்டி (DFT) முறை, அதாவது எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் வழி. அதில் பிபிஇ (PBE) என்ற தோராயம்.

முதல் படி, உலோகத் தகடு. ஏஎஸ்இ-யில் உள்ள எஃப்சிசி111 (fcc111) கட்டளையால் 3×3 அளவில் நான்கு அடுக்குப் பிளாட்டினம் கட்டுங்கள். மொத்தம் 36 அணுக்கள். லேட்டிஸ் மாறிலியை, அதாவது படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை, புத்தகத்திலிருந்து 3.92 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று எடுக்காதீர்கள். பிபிஇ கணக்கில் அது 3.97 அளவில் வரும். புத்தக எண்ணைப் போட்டால் தகடு தொடக்கத்திலேயே இறுக்கத்தில் இருக்கும். கீழ் இரண்டு அடுக்குகளை அசையாமல் பூட்டிவிட்டு, மேலே 10 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாமல் வெற்றிடம் விடுங்கள்.

அடுத்தது நீர். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஏஎஸ்இ தரும் நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் மேலேயும் ஹைட்ரஜன்கள் கீழேயும் இருக்கும். அப்படியே வைத்தால் ஹைட்ரஜன்கள் உலோகத்தைப் பார்த்தபடி நிற்கும். ஆனால் நீர் பிளாட்டினத்தைத் தொடுவது ஆக்சிஜனால், அதுவும் ஏறக்குறைய படுத்த நிலையில். அதனால் ஒய் அச்சைச் சுற்றி 90 பாகை திருப்பி, ஒரு பிளாட்டினம் அணுவின் நேர் மேலே, ஆக்சிஜன் 2.4 ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள்.

சரி, இப்போது ஓட்டலாம். கே-புள்ளிகள் (படிகத்தின் எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) 4×4×1, விசை 0.05 எலக்ட்ரான் வோல்ட்/ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இறங்கும்வரை பிஎஃப்ஜிஎஸ் (அணுக்களை நகர்த்தி ஆற்றல் குறைந்த நிலையைத் தேடும் BFGS முறை). மடிக்கணினியில் பொறுமை வேண்டும். பழகுவதற்கு 2×2 தகடே போதும்.

ஒட்டும் ஆற்றலுக்கு மூன்று கணக்குகள்: நீரோடு தகடு, வெறும் தகடு, தனி நீர். முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழியுங்கள். மூன்றுக்கும் கட்-ஆஃப் (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் ஒருமுறை தகட்டுக்கு 500, தனி நீருக்கு 300 எலக்ட்ரான் வோல்ட் என்று விட்டுவிட்டேன். நீரை உலோகத்தோடு பற்றவைத்ததுபோல் ஓர் எண் வந்தது. அன்று மாலை முழுக்க வேறெங்கோ பிழை தேடினேன்! சரியாகச் செய்தால் மைனஸ் 0.2 முதல் மைனஸ் 0.3 எலக்ட்ரான் வோல்ட் வரை கிடைக்கும். வாண்டர்வால்ஸ் எனும் மெல்லிய ஈர்ப்புக்கான திருத்தம் சேர்த்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

அப்புறம், மூலக்கூறு உடைகிறதா என்று பார்க்க என்இபி (NEB) முறை: தொடக்க நிலையிலிருந்து முடிவு நிலைக்குப் போகும் எளிய பாதையையும், அதில் ஏற வேண்டிய ஆற்றல் தடையையும் அது தேடும். தொடக்கத்தில் முழு நீர், முடிவில் தனித்தனியே ஹைட்ராக்சிலும் (OH) ஹைட்ரஜனும். நடுவில் ஐந்தாறு படிமங்கள், அதாவது இடைநிலை அமைப்புகள். சுத்தமான பிளாட்டினத்தில் தடை உயரமாக இருக்கும், நீர் உடையாது. பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டவைத்து அதே கணக்கை மறுபடி ஓட்டுங்கள்: நீர் தன் ஹைட்ரஜன் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட, இரண்டு ஹைட்ராக்சில்கள் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும்.