வளரும் உதைபந்தாட்ட வீரனின் பயிற்சிச் சுமையை அளப்பது எப்படி?

கொழும்பில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் செவ்வாயும் வியாழனும் பாடசாலை அணியுடன் பயிற்சி செய்து, சனிக்கிழமை போட்டியில் ஆடி, ஞாயிற்றுக்கிழமை தனியார் பயிற்சிக் கழகமொன்றுக்கும் போவது இன்று சாதாரணமாகிவிட்டது. உழைக்கும் உடல் ஒன்றேயாயினும், அதற்கு வேலை கொடுக்கும் பயிற்றுவிப்பாளர்கள் ஒருவர் கணக்கை மற்றவர் அறியார். ஓடும் தூரத்தையும் வேகத்தையும் பதியும் ஜிபிஎஸ் கருவி வாங்க வசதியில்லாத அணியும் ஒரு கொப்பியையும் மணிக்கூட்டையும் கொண்டு இந்தக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கலாம்.

அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபொஸ்டர் பரவலாக்கிய முறை எளிமையானது. பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரனிடம் 0 முதல் 10 வரையான அளவில் கேட்டு, அவன் சொல்லும் எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும்; வரும் விடையே அந்தப் பயிற்சியின் சுமை. 0 என்றால் ஓய்வு, 3 மிதமானது, 5 கடினம், 7 மிகக் கடினம், 10 உச்சம். கடைசி ஓட்டத்தின் களைப்பு மட்டும் பதிலில் ஏறிவிடாதிருக்க, பயிற்சி முடிந்து ஏறத்தாழ 30 நிமிடங்களின் பின் கேட்பதே வழக்கம். வீதியில் வான் காத்து நிற்கும்போது அது நடக்காது என்பதால், இரவில் பெற்றோரின் தொலைபேசி வழியாக எண்ணைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்கவே கூடாது. தலைவன் 4 என்று சொன்னால் அடுத்த பத்துப் பேரும் 4 என்றே சொல்வார்கள்.

மேற்சொன்ன சிறுவனின் ஒரு வாரத்தைப் பார்ப்போம். செவ்வாய் 75 நிமிடம், கடினம் 6: 450 அலகு. வியாழன் 90 நிமிடம், கடினம் 5: 450. சனிக்கிழமைப் போட்டி 60 நிமிடம், கடினம் 8: 480. ஞாயிறு 90 நிமிடம், கடினம் 7: 630. பாடசாலைப் பயிற்றுவிப்பாளரின் கொப்பியில் 1380 அலகே இருக்கும்; சிறுவன் சுமந்ததோ 2010. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகிறது. ஆகவே வெளியே ஆடுவது, ஃபுட்சால் உட்பட, அனைத்தையும் கண்டிப்புக் காட்டாமல் கேட்டறிந்து எழுத வேண்டும். ஏசுவார் என்று தெரிந்தால் பிள்ளை மறைத்துவிடும்.

இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் பாதுகாப்பு என்று கூறுவோர் உண்டு. அந்த விகிதத்தின் கணித அடிப்படையை ஆய்வாளர்கள் பலர் கடுமையாக விமர்சித்துள்ளதால், அதைக் காயத்தை முன்கூட்டிச் சொல்லும் சாத்திரமாகக் கொள்ளாமல், திடீர் ஏற்றத்தைக் காட்டும் அடையாளமாக மட்டும் கொள்வதே என் வழக்கம். தவணைப் பரீட்சைக்காக மூன்று வாரம் விளையாடாதிருந்தவனை முதல் நாளே பழைய அளவில் ஓடவிடுவது எத்தகைய ஏற்றம் என்பதை விளங்கிக்கொள்ள விகிதம் கூடத் தேவையில்லை.

சுமையை எழுதினால் மட்டும் போதாது, உடற்தகுதி எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, அதே மைதானத்தில், அதே நேரத்தில் யோ-யோ சோதனையை, அதாவது ஒலிச் சைகைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே முடியாமற்போகும்வரை ஓடும் சோதனையை, நடத்தலாம். 20 மீற்றர் போய்த் திரும்பும் ஒவ்வொரு 40 மீற்றருக்கும் பின் 10 விநாடி மீட்சி தரும் இச்சோதனையின் முதல் நிலை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குகிறது. போட்டிக் காலத்தில் முழுவதும் ஓடவைக்காமல் ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி நாடித்துடிப்பை எண்ணினாலும் போதும்: அதே ஓட்டத்துக்குத் துடிப்பு முன்னையதைவிடக் குறைந்திருந்தால் பெரும்பாலும் தகுதி ஏறியிருக்கிறது. வழமையான பயிற்சிக்கு 5 என்றவன் 7 என்று சொல்லத் தொடங்கினால் களைப்பு, நோய், நித்திரைக் குறைவு ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். கொழும்பின் ஈரப்பதமும் மாலை மூன்றரை மணி வெயிலும் எண்ணை ஏற்றிவிடும். நோன்பு நோற்கும் பிள்ளைகளுக்கு அந்த மாதம் வேறாகவே வாசிக்கப்பட வேண்டும். எனவே வானிலையையும் கொப்பியின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இளம் வீரரிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் 14 வயதளவிலும் பெண்பிள்ளைகள் 12 வயதளவிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். பயிற்சியால் வந்த முன்னேற்றத்தையும் வளர்ச்சியால் வந்ததையும் ஓட்டத் தூரம் பிரித்துக் காட்டாது. மாதம் ஒருமுறை சப்பாத்தில்லாமல் உயரத்தை அளந்து சோதனை முடிவுக்கு அருகில் எழுதினால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். உயரம் விரைந்து ஏறும் மாதங்களில் முழங்காற் சில்லுக்குக் கீழேயோ குதிக்காலிலோ வலி தோன்றுவது இவ்வயதில் அடிக்கடி நிகழ்வது. அப்போது பாய்தல், வேக ஓட்டம், தொடர்ந்து கோலுக்கு அடித்தல் ஆகியவற்றைக் குறைத்து, பந்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சிகளைக் கொடுங்கள். நொண்டினாலோ வலி தணியாவிட்டாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்றுவிப்பாளருக்கும் அன்றே அறிவியுங்கள்.